காசு வாங்கியவனே காவல்காரனா?

வாங்கிய சரக்கு சொத்தை என்று கடை வாசலில் நின்று ஒருவர் சொல்கிறார். சொன்னவரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளக் கடைக்காரனுக்கு உரிமை உண்டா? உண்டு என்கிறார்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் கம்பெனிக்காரர்கள். சொல்வதோடு நிற்கவில்லை, செய்தும் வருகிறார்கள்.

விளையாட்டுச் சமாசாரம், நமக்கு எதற்கு என்று ஆலைத் தோழரும் வயல் தோழரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிள்ளைகள் பொழுதுபோக்கும் இடத்திலேயே மூலதனம் எப்படி வாய்ப்பூட்டுப் போடுகிறது என்பதைப் பார்த்தால், அந்தப் பூட்டு உங்களுக்குப் பழகிய பூட்டுதான் என்று தெரியும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து பெல்வியூ நகரில் வால்வ் என்று ஒரு கம்பெனி. 2003இல் ‘ஸ்டீம்’ என்ற பெயரில் ஒரு கடையைத் திறந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாத கடை. கம்ப்யூட்டருக்குள்ளேயே பணத்தைக் கட்டி, கம்ப்யூட்டருக்குள்ளேயே சரக்கை இறக்கிக்கொள்ள வேண்டியது. இன்று அது கடையல்ல, உலகச் சந்தை. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் அதற்குள் இருந்தார்கள். சந்தைக்கு உடையவன் வால்வ். அதில் கடை விரிப்பவர்கள் விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனிகள். 100 ரூபாய்க்கு விற்றால் சந்தைக்காரனுக்கு 30 ரூபாய் சுங்கம். 2018இல் சலுகை ஒன்று அறிவித்தார்கள். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. கொழுத்தவனுக்குத்தான் சலுகை! நாலு பேர் சேர்ந்து ராப்பகலாய் ஒரு விளையாட்டைச் செய்து கொண்டுவந்தால் அவர்களுக்கு அதே 30தான். 2021இல் இந்தச் சந்தைக்காரக் கம்பெனியின் மொத்த ஊழியர்கள் 336 பேர் என்று நீதிமன்றத்துக்குப் போன தஸ்தாவேஜு சொல்கிறது. ஒரு சின்ன நூற்பாலையின் ஒரு ஷிப்டுக்குக்கூடக் காணுமா என்று தோழர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இந்தச் சந்தையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு பேச்சு மேடை உண்டு. வாங்கியவர்கள் அங்கே கூடி எழுதுவார்கள். இன்ன இடத்தில் ஆட்டம் நின்றுபோகிறது, இன்ன வாக்குறுதியைக் காணோம், இதைச் சரிசெய்ய இதுதான் வழி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேடைக்குத் தலைவர் யார்? சரக்கை விற்ற அதே கம்பெனி! எந்த வரி நிற்கலாம், எது அழிய வேண்டும், எந்த விவாதத்துக்குத் தாழ்ப்பாள், எந்த ஆளுக்கு ஒரு வாரம் வாய்ப்பூட்டு, எந்த ஆளுக்கு நிரந்தரமாக வாய்ப்பூட்டு என்று தீர்மானிப்பவர்கள் அந்தக் கம்பெனி நியமித்த ஆட்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானே சாட்சி, ஓணானே நீதிபதி. வெளியே தள்ளப்பட்டவர் கொடுத்த காசு மட்டும் உள்ளேயே இருந்துவிடும்.

2018 செப்டம்பரில் வால்வ் கம்பெனி தன் ஆட்களையும் இந்த மேடைகளுக்கு அனுப்பி, புகார் வந்த எழுத்துக்களைப் பரிசீலிக்கப்போவதாகச் சொன்னது. கூடவே, வேண்டாம் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றும் கதவைத் திறந்து வைத்தது.

நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள். 2012 டிசம்பரில் ‘தி வார் இசட்’ என்ற விளையாட்டு இந்தச் சந்தைக்கு வந்தது. விளம்பரப் பலகையில் என்னென்ன எழுதியிருந்தார்கள்! ஒரே களத்தில் 100 பேர் ஆடலாம். களத்தின் பரப்பு 400 சதுர கிலோமீட்டர் வரை. ஆட்டக்காரர் தம் திறமையைப் படிப்படியாக வளர்த்துக்கொள்ளலாம். ஜனங்கள் நம்பிக் காசு கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பலகையில் இருந்தது பலவும் இல்லை. ஏமாந்தவர்கள் பேச்சு மேடைக்கு ஓடினார்கள். புகார் எழுதியவர்கள் மேடையிலிருந்து விலக்கப்படுகிறார்கள் என்று அப்போதே பத்திரிகைகளில் செய்தி வந்தது. வாசகர்கள் விளம்பரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் கம்பெனித் தரப்பின் முதல் பதில். 100 என்பதை 100 என்று படித்தது குற்றமாம்! கூச்சல் மேடைக்கு வெளியே பரவி ஊர் சிரித்த பிறகே, இரண்டு மூன்று நாட்களுக்குள், சந்தைக்காரன் அந்தச் சரக்கை இறக்கிவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். மேடையிலேயே அந்தக் குரல்கள் அடங்கிப்போயிருந்தால் அந்தப் பணம் திரும்பியிருக்குமா? அடுத்த ஆண்டு அதே விளையாட்டு வேறு பெயரைச் சூடிக்கொண்டது.

இன்னொரு கம்பெனி. டிஜிட்டல் ஹோமிசைட் என்று பெயர். 2014இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. மட்டமான சரக்கு என்று ஒரு விமர்சகர் பகிரங்கமாகச் சொன்னார். 2016 மார்ச்சில் அவர்மீது 1 கோடி டாலர் கேட்டு வழக்கு! அதோடு பசி அடங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்டீம் சந்தையில் தங்களைப் பற்றி எழுதிய 100 ஆட்டக்காரர்கள்மீது, பெயர்கூடத் தெரியாத 100 பேர்மீது, 1 கோடியே 80 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அந்த நூறு பேரின் பெயரையும் விலாசத்தையும் வால்வ் கம்பெனியிடமிருந்து வாங்கித் தர வேண்டும் என்றும் கோர்ட்டைக் கேட்டார்கள். இங்கேதான் சந்தைக்காரனுக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளர்களிடம் பகைமை காட்டுகிறார்கள் என்று சொல்லி, அந்தக் கம்பெனியின் விளையாட்டுகள் அத்தனையையும் சந்தையிலிருந்து தூக்கி எறிந்தான். நூறு பேர் மேலான வழக்கு வாபஸ் ஆயிற்று. விமர்சகர் மேலான வழக்கும் 2017 பிப்ரவரியில், மறுபடி தொடுக்க முடியாதபடி, முடிந்தது.

நல்ல காரியம் என்று கை தட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கம்பெனி சின்னக் கம்பெனி. சந்தைக்காரனுக்கு அதனால் வந்த வருமானம் சொற்பம். கோடிக் கணக்கில் சுங்கம் கட்டுகிறவன் அதே காரியத்தை நாசூக்காக, வழக்குப் போடாமல், இரண்டு வரியை அழித்துச் செய்தால் அவனையும் தூக்கி எறிவார்களா?

இப்போது அவர்களுடைய வாதத்துக்கு வருவோம். ‘இது எங்கள் இடம், எங்கள் இடத்தில் எங்கள் சட்டம்’ என்கிறார்கள். அமெரிக்க அரசியல் சட்டம் பேச்சுரிமை தருகிறதே என்று கேட்டால், அது சர்க்காரைத்தான் கட்டுப்படுத்தும், கம்பெனியை அல்ல என்கிறார்கள். சட்டப்படி இன்று அது சரிதான். ஆனால் அதே நாட்டில் ஒரு காலத்தில் வேறு மாதிரித் தீர்ப்பும் வந்திருக்கிறது. அலபாமா மாகாணத்தில் மொபைல் நகருக்கு அருகே சிக்கசா என்று ஓர் ஊர். ஊரே ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். வீடு கம்பெனியுடையது, வீதி கம்பெனியுடையது, கடைத்தெரு கம்பெனியுடையது, போலீஸ்காரனுக்குச் சம்பளமும் கம்பெனியுடையது. அந்த நடைபாதையில் நின்று மதப் பிரசுரம் விநியோகித்த ஒரு பெண்மணியைக் கைது செய்தார்கள். 1946இல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? தன் லாபத்துக்காகப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்ட இடத்தில், சொந்தக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக ஜனங்களின் வாயை மூட முடியாது என்றது. கம்பெனி லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை விளக்காமலே விளங்கும்.

அதற்குப் பிறகு காற்று திசை மாறிற்று. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துப் போர்ட்லண்டில் ஒரு வணிக வளாகத்துக்குள் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களை வெளியேற்றியது செல்லும் என்று 1972இல் அதே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2020இல் யூடியூப் கம்பெனி தொடர்பான வழக்கில், எத்தனை கோடிப் பேர் கூடினாலும் அது தனியார் இடம்தான் என்று மேல்முறையீட்டுக் கோர்ட் தீர்த்தது. கப்பல் கம்பெனி ஆண்டது ஒரே ஓர் ஊரை. இவர்களுக்கு 4 கோடிப் பேர் புழங்கும் ஊர்! ஊர் பெருக்கப் பெருக்க உரிமை சுருங்குமாம்.

‘சொந்தக்காரன்’ என்ற பேச்சில் இன்னொரு வேடிக்கை. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டாவது வாங்கியவருக்குச் சொந்தமா என்றால் அதுவும் இல்லை. அது அனுபவிக்கும் அனுமதி மட்டுமே. கலிபோர்னியா மாகாணம் சட்டம் போட்ட பிறகு, 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் இடத்திலேயே இதை ஸ்டீம் எழுதிக் காட்டுகிறது. சரக்கும் அவனுடையது, மேடையும் அவனுடையது. நம்முடையது காசு மட்டும், அதுவும் கொடுக்கும் வரைக்கும்.

உண்மையில் அந்த மேடையை உயிரோடு வைத்திருப்பது யாருடைய உழைப்பு? 2013 முதல் இந்தச் சந்தையில் அரைவேக்காட்டுச் சரக்கையே விற்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. விளையாட்டு முடிந்திராது, வாங்குகிறவர் காசும் கொடுத்து, பழுதையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவர் எழுதும் குறையைப் படித்துத்தான் கம்பெனி சரக்கைத் திருத்துகிறது. புதிதாக வருகிறவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதும் அவரே. இதற்கெல்லாம் கூலி கிடையாது. கூலியில்லாமல் வாங்கிய உழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, குறை சொன்னாயா, வெளியே போ என்றால் அது எந்த ஊர் நியாயம்?

மேடையில் வசவும் மிரட்டலும் நடக்கிறதே, எங்கள் ஊழியர்களைக் காக்க வேண்டாமா என்பது அவர்களுடைய கடைசி வாதம். வசவு நடக்கிறது, உண்மை. கொலை மிரட்டல் விடுகிறவனையும், நிறத்தையும் பெண்மையையும் இழித்து எழுதுகிறவனையும் வெளியேற்றத்தான் வேண்டும். அவனுக்காக நாம் ஒரு வரியும் எழுத மாட்டோம். ஆனால் ஊழியர்மேல் இவர்களுக்கு இருக்கும் அக்கறையைப் பாருங்கள். 2018 ஜூலையில் அரீனாநெட் என்ற கம்பெனியில் விளையாட்டுக்குக் கதை எழுதும் இரண்டு ஊழியர்கள், ட்விட்டரில் ஓர் ஆட்டக்காரரோடு வாக்குவாதம் செய்தார்கள் என்பதற்காக வேலையிலிருந்து தூக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்களிலும் பலர் அந்த வேலை நீக்கத்தைக் கொண்டாடினார்கள். வெட்கம்! தன் வாய்க்குப் பூட்டுப் போடுகிறவன், தொழிலாளியின் வாய்க்குப் போட்டதும் கை தட்டுவதா?

இதற்கெல்லாம் வழியே இல்லையா? ஒரு வரியை அழித்தால் காரணத்தை எழுதி வை. அழித்த இடம் தெரியட்டும். அப்பீல் சரக்கை விற்றவனிடம் போகாமல் மூன்றாவது ஆளிடம் போகட்டும். இதில் எது செய்ய முடியாதது? எங்கள் சட்டம் அமெரிக்காவில் இருக்கிறது என்று சொல்லி, பழுதுபட்ட சரக்குக்குப் பணம் திருப்பித் தர மறுத்து வந்தது இதே வால்வ். ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் கமிஷன் 2014இல் கோர்ட்டுக்கு இழுத்தது. 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2015 ஜூனில், உலகம் முழுவதற்கும் பணம் திருப்பித் தரும் விதி தானாக முளைத்துவிட்டது!

அந்தச் சந்தையில் கம்பெனி தன் கையால் அழிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. வாங்கியவர் எழுதும் மதிப்புரை. தயாரிப்பாளர் பதில் சொல்லலாம், புகார் செய்யலாம், தானே துடைத்துவிட முடியாது. 2024 மே மாதத் தொடக்கத்தில், ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற விளையாட்டை ஸ்டீமில் வாங்கியவர்கள் எல்லோரும் சோனி கம்பெனியின் கணக்கேட்டிலும் பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்று சோனி உத்தரவு போட்டது. அந்தக் கணக்கேடே இல்லாத நாடுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. அங்கேயும் விளையாட்டை விற்றுக் காசு வாங்கியாயிற்று. ஆட்டக்காரர்கள் அழிக்க முடியாத அந்த இடத்தில் போய்க் கூடினார்கள். சில நாட்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்டன மதிப்புரைகள் குவிந்தன. வாரம் முடிவதற்குள் சோனி உத்தரவை வாபஸ் வாங்கியது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மதிப்புரையில் எதிர்ப்பைக் காட்டுங்கள் என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னவர், அந்த விளையாட்டைத் தயாரித்த கம்பெனியிலேயே ஆட்டக்காரர்களோடு பேசுவதற்காக நியமிக்கப்பட்டிருந்த ஓர் ஊழியர். ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள், அவருக்கு வேலை போயிற்று.