இரகசியம் யாருக்கு? சிறை யாருக்கு?

அமெரிக்காவில் ஒரு பெரிய மனிதர். பெயர் ஜான் டாய்ச். 1995, 96-இல் சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தின் தலைவர். பதவியை விட்டு இறங்கியதும் பார்த்தால், அரசின் பரம இரகசியங்கள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்தன. இன்டர்நெட்டோடு இணைந்த கம்ப்யூட்டர்! 1999 ஆகஸ்டில், இரகசியக் கோப்புகளைப் பார்க்கும் அனுமதியை அவரிடமிருந்து நிறுத்தினார்கள். 2001 ஜனவரியில், பதவியின் கடைசி நாளில், அதிபர் கிளின்டன் மன்னிப்பும் வழங்கிவிட்டார். கணக்குத் தீர்ந்தது.

இங்கே நடந்தது என்ன? நாகர்கோவிலில் பிறந்து, கேரளத்தில் ராக்கெட் என்ஜின் செய்யப் போனவர் நம்பி நாராயணன். 1994 நவம்பர் 30-இல் அவரைக் கைது செய்தார்கள். கிரையோஜெனிக் என்ஜின் இரகசியத்தை விற்றுவிட்டாராம்! அந்த நுட்பத்துக்காக நம் நாடே ரஷ்யாவிடம் கேட்டு நின்ற காலம் அது. கையில் இல்லாத சரக்கை எவன் விற்பான்? இந்தச் சின்னக் கேள்வியைக் கூடக் கேட்காமல் 50 நாள் அடைத்து வைத்தார்கள். 1996-இல் சி.பி.ஐ. விசாரித்து, குற்றச்சாட்டு பொய் என்றது. கைதே தேவையற்றது, 50 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 76. போன 24 ஆண்டுகளை எந்தக் கஜானா திருப்பித் தரும்?

இரகசியம் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாட்டின் பாதுகாப்பு நம் பாதுகாப்பும்தான். ஆனால் அசட்டையாக இருந்த அதிகாரிக்கு மன்னிப்பு, குற்றமே செய்யாதவனுக்குச் சிறை என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பா? இங்கே அதற்கு ஆயுதமாக நிற்பது 1923-இல் வெள்ளைக்காரன் நம்மை அடக்கப் போட்ட அரசு இரகசியச் சட்டம்!

உறவுகளே, இது விஞ்ஞானிகள் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிழைக்க வந்த ஊரில் நமக்கும் ஒரு 'அனுமதி' உண்டு. அதுதான் கேட் பாஸ். வாசலில் அதைப் பிடுங்கிக்கொண்டு, "செக்யூரிட்டி காரணம், சொல்ல முடியாது" என்றால் அன்றோடு அடுப்பு அணைந்தது. படித்த விஞ்ஞானிக்கே நியாயம் கிடைக்க 24 ஆண்டு என்றால், காண்டிராக்ட் கூலிக்கு எத்தனை ஆண்டு?

நாம் கேட்பது சலுகை அல்ல. குற்றத்தை எழுத்தில் கொடு. பதில் சொல்ல அவகாசம் கொடு. விசாரணை முடியும்வரை சம்பளத்தை நிறுத்தாதே. பொய்ப்பழி என்று தெரிந்தால், சுமத்தியவனைக் கூண்டில் ஏற்று.

பாஸ் பறிபோனால் தலையைக் குனிந்து ஊருக்கு ரயில் ஏறாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம்.