விருந்தும் வாய்ப்பூட்டும்

மிராசுதார் காலத்துக் கிராமங்களில் வழக்கமாய் நடந்துவந்த ஒரு சங்கதி வயது சென்றவர்களுக்கு ஞாபகமிருக்கலாம். பண்ணையாளுக்கு அளக்கவேண்டிய கூலி நெல்லில் படி குறைத்து அளக்கிற அதே மிராசுதார், சித்திரை வெயிலிலே தெருமுனையில் தண்ணீர்ப்பந்தல் போடுவார். திருவிழாவில் வாணவேடிக்கைக்குப் பணம் கொடுப்பார். பந்தலில் நீர்மோர் குடித்தவன் குறைந்த கூலியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தால், பக்கத்தில் நிற்கிறவனே, "அவர் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு இப்படிப் பேசலாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று அவன் வாயை அடைத்துவிடுவான். மிராசுதார் ஒரு அடியாளைக்கூட ஏவவேண்டியதில்லை. இரண்டு பானை மோரில் காரியம் முடிந்துவிடும்.

ஒரு கிராமத்து மிராசுதாருக்குத் தெரிந்த இந்தத் தந்திரம் உலகத்தை ஆட்டிவைக்கிற சர்க்கார்களுக்குத் தெரியாதா? நன்றாய்த் தெரியும். பட்டாளத்தைக் காட்டி மிரட்டாமலும், பணத்தைக் கொடுத்து வாங்காமலும், பிற தேசத்தார் தாங்களாகவே ஆசைப்பட்டுத் தம் பக்கம் சாயும்படி செய்கிற சக்திக்கு, ஜோசப் நை என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1990-ல் ஒரு பெயர் வைத்தார். "மென்பலம்" என்பது அதன் கருத்து. பெயர்தான் புதிதே தவிர சரக்கு மிகப் பழையது. விளையாட்டு, சங்கீதம், புத்தகம், பள்ளிக்கூடம் ஆகியவைகளே இதற்குக் கருவிகள். இவைகளில் எதுவும் கெட்ட பொருளல்ல. கெட்ட பொருளானால் ஜனங்கள் தொடமாட்டார்கள் என்பது கொடுக்கிறவனுக்குத் தெரியும். ஆகவே, கொடுக்கப்படுகிற பொருள் நல்லதா கெட்டதா என்று மாத்திரம் பார்ப்பது போதாது. அதை வாங்கிக்கொண்ட பிறகு எதைப் பேசமுடியாமல் போகிறது என்று பார்க்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 1935-ல் ஹிட்லர் சர்க்கார் நூரம்பர்க் சட்டங்களைச் செய்து யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்தது. அடுத்த வருஷம், 1936 ஆகஸ்டு 1 முதல் 16 வரை, பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. 49 தேசத்தார் வந்தார்கள். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, யூதர்கள் வரக்கூடாது என்று எழுதியிருந்த பலகைகளைக் கழற்றி வைத்தார்கள். ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களை ஜூலை மாதத்திலேயே பிடித்துக் கொண்டுபோய் நகரத்தின் ஓரத்திலுள்ள மார்சான் என்ற இடத்தில் அடைத்தார்கள். அதே கோடைகாலத்தில் பெர்லினுக்கு வடக்கே சாக்ஸன்ஹவுசன் சித்திரவதை முகாமைக் கைதிகளைக் கொண்டே கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் பலர் நகரத்தின் சுத்தத்தையும் உபசாரத்தையும் புகழ்ந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அமெரிக்கக் கறுப்பு வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கம் வாங்கி ஹிட்லரின் ஜாதித் திமிரை அடக்கிவிட்டார் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். சந்தோஷப்படவேண்டியதுதான். ஆனால் அதனால் முகாமில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. பலகையைக் கழற்றினார்களே ஒழியச் சட்டத்தைக் கழற்றவில்லை.

நிற்க, ஹிட்லரைக் குறை சொன்னால் நமது தோழர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். ரஷ்யாவைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளித்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? நமக்குப் பிடித்தவன் செய்தால் நியாயம், பிடிக்காதவன் செய்தால் அக்கிரமம் என்பது புரோகிதன் நியாயமே தவிரப் பகுத்தறிவாகாது.

வெளிதேசத்து எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் வரவழைத்து உபசரிப்பதற்கென்றே 1925-ல் சோவியத்தில் வோக்ஸ் என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1932, 1933 வருஷங்களில் உக்ரைன் குடியானவர்களின் தானியத்தை ஸ்டாலின் சர்க்கார் பிடுங்கிக்கொண்டு போனதால் லட்சக்கணக்கில் ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். அந்த 1933-லேயே பிரான்சு தேசத்தில் மூன்று தடவை பிரதம மந்திரியாயிருந்த எதுவார் எரியோ உக்ரைனுக்கு வரவழைக்கப்பட்டார். அவருக்கென்று துப்புரவு செய்த வீதிகளையும் பொறுக்கி எடுத்த பண்ணைகளையும் காட்டினார்கள். அவரும் உக்ரைன் பூத்துக் குலுங்கும் தோட்டம்போல் இருக்கிறதென்று உலகத்துக்குச் சொன்னார். அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் காரெத் ஜோன்ஸ் என்ற வாலிபப் பத்திரிகைக்காரர் கிராமங்களுக்குள் கால்நடையாய்ச் சென்று பார்த்துப் பஞ்சத்தை வெளியிட்டார். மாஸ்கோவில் இருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டியூராண்டி அதை மறுத்து எழுதினார். விருந்து சாப்பிட்டவர் சாக்ஷியாகவும், நடந்து பார்த்தவர் பொய்யராகவும் ஆகிவிட்டார்கள்.

அதே சோவியத் சர்க்கார் பிற்காலத்தில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மூலம் தமிழிலும் புத்தகங்கள் அச்சிட்டு அனுப்பியது. அவை நல்ல கட்டிடமும் மலிவான விலையும் உள்ளவை. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் அவைகளின் மூலமே முதன்முதல் படித்த ஏழை வாலிபர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் படித்தது தப்பென்று எந்த மடையன் சொல்லுவான்? ஆனால் பாஸ்டர்நாக் எழுதிய "டாக்டர் ஷிவாகோ" நாவல் 1957-ல் இத்தாலியில் வெளிவந்ததே தவிர, 1988 வரை அவருடைய சொந்த தேசத்தில் அச்சேறவில்லை. 1958-ல் கிடைத்த நோபெல் பரிசையும் வேண்டாமென்று சொல்லும்படி அவரை நிர்பந்தப்படுத்தினார்கள். மதுரைக்காரன் கைக்குப் புத்தகம் கொடுத்த சர்க்கார், மாஸ்கோக்காரன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியது.

அப்படியானால் அமெரிக்கா யோக்கியமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதே நாவலை ரஷ்ய பாஷையில் ரகசியமாய் அச்சிட்டு, 1958-ல் பிரஸ்ஸல்ஸ் பொருட்காட்சிக்கு வந்த ரஷ்யர்கள் கையில் சேரும்படி செய்தது சி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க உளவு இலாகா. இலக்கியத்தின் மேலுள்ள காதலாலா? 1950-ல் பெர்லினில் ஆரம்பித்த கலாச்சார சுதந்திர காங்கிரசுக்கும், 1953 முதல் லண்டனில் நடந்த "என்கவுண்டர்" பத்திரிகைக்கும் அதே இலாகாவின் பணம்தான் மறைவாய்ப் போயிற்று. சுதந்திரத்தைப் பற்றி எழுதினவர்களில் பலருக்குத் தாங்கள் யார் பணத்தில் எழுதுகிறோம் என்பதே தெரியாது. சுதந்திரத்தைப் பரப்ப ரகசியப் பணமென்றால், இதைவிடப் பெரிய புரட்டு வேறென்ன வேண்டும்?

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. அந்தப் புரட்டை 1966, 1967 வருஷங்களில் வெளிப்படுத்தியவை அமெரிக்கப் பத்திரிகைகளே. 1957-ல் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் அந்த மாகாணத்துக் கவர்னரே பட்டாளத்தை நிறுத்தினார். அப்போது சங்கீத வித்வான் லூயி ஆம்ஸ்ட்ராங், தம்மை ரஷ்யாவுக்குத் தூது அனுப்ப நினைத்த சர்க்காரைப் பகிரங்கமாய்க் கண்டித்து, போகமுடியாதென்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லியும் அவர் சிறைக்குப் போகவில்லை. சர்க்கார் நல்லது என்பதல்ல இதன் பொருள். அங்கே வாய்க்கு முழுப் பூட்டுப் போடமுடியவில்லை என்பதே பொருள்.

இக்காலத்துக்கு வருவோம். சைனா சர்க்கார் 1972-ல் வாஷிங்டனுக்கு இரண்டு பாண்டாக் கரடிகளை இனாமாய்க் கொடுத்தது. பின்னால் இனாம் நின்று இரவலாயிற்று. ஒரு ஜோடிக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வாடகை. குட்டி போட்டால் குட்டியும் சைனாவுக்கே சொந்தம். கரடி போகட்டும். 2004 முதல் அச்சர்க்கார் பல தேசத்துப் பல்கலைக்கழகங்களில் கன்பூசியஸ் பள்ளிகளைத் தன் பணத்தில் வைத்து, அவை 500-க்கும் மேலாகப் பெருகின. சீன பாஷை கற்பது நல்லதே. ஆனால் திபெத்து, தைவான், 1989-ல் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த கொலை ஆகியவைகளைப் பற்றி அங்கே தாராளமாய்ப் பேசமுடியவில்லை என்ற புகார் எழுந்தது. 2014-ல் அமெரிக்கப் பேராசிரியர் சங்கம், கல்விச் சுதந்திரத்துக்கு உறுதியில்லாவிட்டால் அவைகளை விட்டுவிடும்படி சொல்லிற்று. யாரும் தடை உத்தரவு போடவேண்டியதில்லை. பணம் நின்றுவிடுமே என்ற பயத்தில் பேராசிரியரே தம் வாயைப் பொத்திக்கொள்ளுவார்.

அரேபியாவிலும் இதே கதைதான். 2018-ல் சவுதி பத்திரிகைக்காரர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் சவுதி தூதரகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். 2021-ல் அந்த சர்க்காரின் முதலீட்டு நிதி இங்கிலாந்தில் நியூகாசில் கால்பந்துக் கழகத்தை வாங்கியபோது, அரபுத் தலைத்துணி கட்டிக்கொண்டு ரசிகர்கள் சிலர் கூத்தாடினார்கள். 2034-ம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டியும் அந்த தேசத்துக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது.

பிறரை இவ்வளவு சொன்ன பிறகு நம் வீட்டையும் பார்க்கவேண்டாமா? நமது இந்திய சர்க்காரும் 2014-ல் ஐக்கிய நாடுகள் சபையில் யோகத்துக்கென்று ஒரு நாளே வாங்கி, உலகமெங்கும் கொண்டாடி வருகிறது. ஆனால் 2001-ல் டர்பன் நகரத்தில் நிறவெறியை எதிர்த்து உலக மகாநாடு கூடியபோது, ஜாதிக் கொடுமையை அங்கே பேச எடுத்துக்கொள்ளக்கூடாதென்று தடுத்ததும் இந்திய சர்க்கார்தான். உடம்பை வளைப்பதை உலகத்துக்குக் காட்டலாமாம். முதுகை வளைக்கிற ஜாதியைக் காட்டக்கூடாதாம்!

ஆகவே, பிற தேசத்துப் புத்தகத்தைப் படிக்காதே, பந்தயத்தைப் பார்க்காதே, பாஷையைக் கற்காதே என்று நாம் சொல்ல வரவில்லை. தாராளமாய்ச் செய்யுங்கள். ஆனால் எந்த விருந்துக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குப் பணம் யாருடையது? இந்தப் பந்தலில் எதைப் பேசக்கூடாது? அதை விருந்து போடுகிறவனுடைய சொந்தக் குடிகள் தங்கள் ஊரில் பேசமுடிகிறதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், பேசமுடியாத அந்த ஜனங்களுக்காகப் பேசவேண்டிய கடன் சாப்பிட்ட நமக்கே இரட்டிப்பாய் ஏற்படுகிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். நினைப்போம். ஆனால் வெயிலில் நின்று அந்த உப்பை விளைத்தவன் ஒருவன் இருக்கிறானே, அவனை நினைப்பது யார்?