வைமார் குடியரசை வீழ்த்தியது யார்?

ஜனநாயகத்தைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும், “ஹிட்லரும் தேர்தலில் ஜெயித்துத்தானே வந்தார்” என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். பழி ஜெர்மானிய வாக்காளர்கள் தலையில் விழுகிறது. பேச்சும் அத்தோடு முடிந்துபோகிறது. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் ஹிட்லரின் கட்சி பெரும்பான்மை பெறவில்லை என்பதே உண்மை. அதன் உச்சம் 1932 ஜூலையில் கிடைத்த 37 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தபோது 20 லட்சம் வாக்குகளை இழந்து 33 சதவீதத்துக்கு இறங்கியது. இப்படிச் சரிந்துகொண்டிருந்த கட்சியின் தலைவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் பால் ஃபான் ஹின்டன்பர்க் சான்சலராக நியமித்தார்.

ஹின்டன்பர்க்கைப் புரிந்துகொள்ள 1918க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று, முதல் உலகப் போர் கைமீறிவிட்டது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று பேரரசர் கைசரிடம் சொன்னது அவரும் தளபதி லூடன்டார்ஃபும் நடத்திய படைத்தலைமைதான். தோல்வியை ஏற்கும் பொறுப்பை மட்டும் நாடாளுமன்றக் கட்சிகளிடம் தள்ளிவிட்டார்கள். நவம்பர் 11 அன்று காம்பியேன் காட்டில் ஜெர்மனியின் சார்பில் முதலில் கையெழுத்திட்டவர் தளபதி அல்ல. மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. ஓராண்டு கழித்து நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்த ஹின்டன்பர்க், ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்றார். அந்தப் பொய் உயிர்ப்பலி வாங்கியது. 1921இல் எர்ட்ஸ்பெர்கரை வலதுசாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தேனாவ் கொல்லப்பட்டார். பொய் சொன்னவரோ 1925இல் அதே வைமார் குடியரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வெர்சாய் ஒப்பந்தமும் பணவீக்கமும்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தன என்று பாடப்புத்தகங்கள் சொல்வது பாதி விளக்கம்தான். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு ரொட்டிக்குக்கூடப் போதாமல் போனது. ஆனாலும் குடியரசு பிழைத்தது. அந்த மாதம் மூனிச்சில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்ற ஹிட்லர் சிறைக்குப் போனார். அப்போது ஆஸ்திரியக் குடிமகனாக இருந்த அவரை நாடு கடத்தச் சட்டத்தில் இடம் இருந்தது, நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவர் 1924 டிசம்பரிலேயே வெளியே வந்தார். அப்படியும் 1928 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம்தான். வெர்சாயின் அவமானத்தையும் பணவீக்கத்தின் காயத்தையும் சுமந்துகொண்டுதான் மக்கள் அன்று வாக்களித்தார்கள்.

ஆகவே 1930தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு மார்ச்சில், உலகப் பொருளாதார நெருக்கடியின் தொடக்கத்தில், வேலையில்லாதோர் காப்பீட்டுக்கான சந்தாவை அரை சதவீதம் உயர்த்துவதா என்ற தகராறில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. சமூக ஜனநாயகக் கட்சியை ஒதுக்கிவைத்து ஆளும் வாய்ப்புக்காக ஹின்டன்பர்க்கின் வட்டாரம் ஏற்கெனவே காத்திருந்தது. ஹைன்ரிஷ் புரூனிங் சான்சலரானார். அவரது நிதி நடவடிக்கைகளை நாடாளுமன்றம் நிராகரித்தபோது, அரசமைப்பின் 48ஆம் பிரிவின்கீழ் அவற்றை அவசர ஆணையாகப் பிறப்பித்தார்கள். அந்த ஆணையையும் நாடாளுமன்றம் ரத்து செய்தது. உடனே நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. செப்டம்பர் தேர்தலில் நாஜிகளின் இடங்கள் 12இலிருந்து 107 ஆயின. அதன் பிறகு ஆணைகளாலேயே ஆட்சி நடந்தது. புரூனிங் சம்பளங்களையும் உதவித்தொகைகளையும் வெட்டிக்கொண்டே போனார். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தொட்டனர். அந்த ஆண்டு முழுவதும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் ஐந்து மட்டுமே. மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலேயே நாட்டை நடத்தலாம் என்பது ஹிட்லர் வருவதற்கு முன்பே வழக்கமாகிவிட்டது.

1932 ஜூலை 20 இன்னும் கொடிய நாள். நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்த பிரஷ்ய மாநிலத்தில் சமூக ஜனநாயகவாதி ஓட்டோ பிரவுன் தலைமையிலான அரசை, அதே 48ஆம் பிரிவைக் காட்டி, புரூனிங்குக்குப் பின் வந்த சான்சலர் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன் நீக்கினார். குடியரசின் கடைசி அரணாக இருந்த பிரஷ்யக் காவல் துறை அன்றே கைமாறியது. ஆறு மாதத்தில் நாஜித் தலைவர் கோரிங் அதன் அமைச்சரானபோது, சுத்தம் செய்யப்பட்ட துறை அவருக்குத் தயாராக இருந்தது.

இடதுசாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1932 நவம்பரில் சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 221 இடங்கள் வைத்திருந்தார்கள், நாஜிகளுக்கு 196. ஆனால் சமூக ஜனநாயகத்தையே முதல் எதிரியாகக் கம்யூனிஸ்டுகளுக்கு மாஸ்கோ கற்பித்திருந்தது. இருந்தாலும் இடதுசாரிகளையும் வலதுசாரிகளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹிட்லரை நாற்காலியில் அமர்த்திய பேரத்தைப் பேசியவர்கள் பாப்பனும் ஹின்டன்பர்க்கின் வட்டாரமும்தான். அமைச்சரவையில் நாஜிகளுக்கு மூன்றே இடங்கள். ஆளைக் கட்டுக்குள் வைத்துவிடலாம் என்று நம்பினார்கள்.

கட்டு எட்டு வாரம்கூடத் தாங்கவில்லை. 1933 பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஹின்டன்பர்க்கின் கையெழுத்தோடு அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டன. மார்ச் 23 அன்று க்ரோல் ஒபரா மாளிகையில், சீருடை அணிந்த அடியாட்கள் சூழ, அரசுக்கே சட்டமியற்றும் அதிகாரம் தரும் மசோதா வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவருடைய கட்சியின் 94 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். கத்தோலிக்க மத்தியக் கட்சி உட்பட 444 பேர் ஆதரித்தார்கள்.

1949இல் மேற்கு ஜெர்மனிக்கு அரசமைப்பு எழுதியவர்கள் இந்த வரலாற்றை நினைவில் வைத்தே எழுதினார்கள். அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுக்காமல், பதவியில் இருப்பவரை நாடாளுமன்றம் நீக்க முடியாது என்றார்கள். சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்றார்கள். டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசியது இந்த இரண்டாவது செய்தியைப் பற்றித்தான். அவர் வாதத்தை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா கான்ராடை மேற்கோள் காட்டினார். அந்தத் தீர்ப்பைக் காட்டி, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் தொட முடியாது என்று இன்று நாம் வாதாடும்போது, அந்த 444 வாக்குகளின் நினைவும் நம் வாதத்துக்குள் இருக்கிறது.