கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சீருடை

ஜூலை 14 வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் விளக்கொளியில் மின்னுகிறது. பதக்கம் அணிந்த முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்கள் வந்து மரியாதை செலுத்துகிறார்கள். வில்லியனூர், பாகூர் பக்கமிருந்து நம் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கப் போவதுண்டு. 1938-ல் திறக்கப்பட்ட அந்தச் சின்னம், முதல் உலகப் போருக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று இறந்தவர்களுக்கானது. நடுவில் தலைகுனிந்து நிற்கும் வீரன் உடுத்தியிருப்பதோ பிரெஞ்சுச் சீருடை. அவன் ஊர் எது, தாய்மொழி எது என்று அந்த உடை சொல்லாது.

அருங்காட்சியகங்களிலும் இதே நிலைதான். பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் 1914-ன் நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையும் பார்க்க அழகாக இருக்கின்றன. எதிரி எளிதாகக் குறிவைக்க உதவிய அந்தச் சிவப்பை மறு ஆண்டே கைவிட்டார்கள். அதற்குள் போன உயிர்களைத் துணி காட்டாது.

டெல்லி செங்கோட்டையில் 1945-ல் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் ஆங்கிலேயர் விசாரணைக் கூண்டில் நிறுத்தினர். இந்திய தேசிய ராணுவச் சீருடை அன்று துரோகத்தின் அடையாளம். 2019 ஜனவரியில் அதே கோட்டையில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அது தேசத்தின் பெருமை. துணி அதேதான், காட்டுகிற அரசு வேறு.

நமக்கு நெருடலான இடம் இனிமேல்தான். பிரெஞ்சுப் படையில் சேர்ந்த புதுச்சேரிக்காரர்கள் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றினார்கள். 1954 முதல் 1962 வரை விடுதலைக்குப் போராடிய அல்ஜீரிய முஸ்லிம்களுக்கு எதிரே நின்றது அந்தப் படை. அல்ஜியர்ஸ் நகரின் முஜாஹித் அருங்காட்சியகம் அந்தப் போரை மறுகரையிலிருந்து சொல்கிறது. அங்கே ஆக்கிரமிப்பாளனின் உடை, இங்கே ஒரு குடும்பத்துக்குப் பென்ஷன் வாங்கித் தந்த உடை. பிழைப்புக்காகப் போனவரைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. வறுமை என்னவென்று நமக்கும் தெரியும். ஆனால் பெற்றோருக்கே பாதகமாக அமைந்தாலும் சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்று ஓதுகிற சமுதாயம், பதக்கத்தை மட்டும் துடைத்து வைத்துவிட்டு மீதியை மறப்பது சரியா?

பாட்டனாரின் ராணுவக் கோட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கலாம். பழைய சாமான்காரரிடம் போடுமுன், அணிந்தவர் பெயர், போன நாடு, யாரை எதிர்த்து நின்றார் என்று ஒரு தாளில் எழுதி அதன் பையிலேயே வையுங்கள். மூன்றாவது கேள்விக்கு வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.