அத்தை புடவை என்ன கலர்?

எபிசோட்ல நேரம் பத்தலை மக்களே, மிச்சத்தை இங்க கொட்டிடறேன்.

யாங்கோன்ல இருக்கற என் அத்தையோட கல்யாண வீடியோ, 1989-ல எடுத்தது. ஒரே ஒரு விஎச்எஸ் கேசட். அதை ஒரு கடையில கொடுத்து ஃபைலா மாத்தி, அவங்க வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு அத்தை சொன்னாங்க: "இது என் புடவை இல்லப்பா. என்னுது அரக்கு."

திரையில இருந்தது கத்திரிப்பூ.

கலர் டிவி விஷயத்துல பர்மா ஒரு தனித்தீவு. இந்தியா, இலங்கை, தாய்லாந்து, சிங்கப்பூர் எல்லாம் அப்போ பேல் முறை. பர்மா மட்டும் ஜப்பான் மாதிரி என்டிஎஸ்சி. சென்னை கேசட்டை அந்தக் காலத்து யாங்கோன் டிவியில போட்டா படம் உருளும், கலரும் வராது.

என்டிஎஸ்சியில கலர் முழுக்க 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை ஒண்ணுல ஏறி வரும். அலையோட உயரம், கலர் எவ்வளவு அடர்த்தின்னு சொல்லும். ஒவ்வொரு வரியோட தொடக்கத்துலயும் வர்ற அளவுகோல் அலையிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுதான் எந்த நிறம்னு சொல்லும். காப்பி எடுக்கும்போதோ கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதோ அந்த இடைவெளி மாறினா, எல்லா நிறமும் ஒரே பக்கமா நகர்ந்துடும். பேல்ல ஒரு வரி விட்டு ஒரு வரி அலையைத் திருப்பிப் போடறதால பிழை தானா அடிபட்டு, கலர் லேசா வெளுக்கறதோட போயிடும். என்டிஎஸ்சிக்கு அந்த வசதி இல்ல. அதனாலதான் அந்த டிவிகள்ல டின்ட்னு ஒரு குமிழ். இன்ஜினியர்களே அதை 'நெவர் ட்வைஸ் த சேம் கலர்'னு கிண்டல் பண்ணுவாங்க.

அத்தை வீடியோவுலயும் அதேதான். வாழையிலை மஞ்சளா, மஞ்சள் ஆரஞ்சா, அரக்கு கத்திரிப்பூவா நகர்ந்திருந்துச்சு. தாத்தா நெத்தி விபூதி மட்டும் பளிச்சுனு வெள்ளை. வெள்ளைக்குக் கலர் அலையே கிடையாது, கெட்டுப்போக ஒண்ணுமில்ல. வெள்ளையை வெச்சுக் கலரைச் சரிபார்க்கற சாஃப்ட்வேர் இங்க ஏமாந்துடும்.

எனக்குக் கோபம் வந்தது வேற இடத்துல. கடைக்காரர் கேட்காமலே 'ஆட்டோ என்ஹான்ஸ்' போட்டிருந்தார். எல்லார் முகமும் ரெண்டு ஷேடு வெளுத்து, ரோஸ் பூசின மாதிரி. கருப்போ சிவப்போ, மனுஷத் தோல் எல்லாமே நிற வட்டத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் விழும். பெரிய வித்தியாசம் வெளிச்சத்துலதான். அதாவது, டின்ட்டைச் சரிபண்ண யாரையும் வெளுக்க வைக்கவே வேண்டாம். நம்ம தாத்தா என்ன நிறம்னு தீர்மானிக்க ஒரு பட்டனுக்கு என்ன உரிமை?

அதனால நீங்க கேசட் கொடுத்தா, "எந்த ஃபில்டரும் வேண்டாம், என்டிஎஸ்சி பிளேயர்ல ஓட்டி அப்படியே கொடுங்க"ன்னு அழுத்திச் சொல்லுங்க. கலரை அப்புறம் திருப்பிக்கலாம், வெளுத்ததை மீட்கறது கஷ்டம். தள்ளியும் போடாதீங்க. விசிஆர் தயாரிச்ச கடைசி கம்பெனியான ஃபுனாய் 2016-லயே நிறுத்திடுச்சு. புடவை கலர் ஞாபகம் இருக்கறவங்களுக்கும் வயசாகுது.

நான் மறுபடி ஃபில்டர் இல்லாம எடுத்து, லேப்டாப்பை அத்தை மடியில வெச்சேன். வாழையிலையைப் பார்த்துக்கிட்டே ஸ்லைடரை நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், நில்லு."

பக்கத்துல இருந்த மாமா, "அது மெரூன்டி"ன்னார். அந்தச் சண்டை இன்னும் ஓடுது.