கல்லைப் பார்க்கப் போனவர்கள்

சீன நகரங்களைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை இரண்டு சிமிழ்களுக்குள் அடைத்துவிடலாம். முதலாவதில் அதிவேக ரயில், வானளாவிய கட்டடம், குப்பையில்லாத தெரு ஆகியவை வரிசையாக வரும்; கடைசிப் பத்தியில் ‘நாம் எப்போது?’ என்றொரு பெருமூச்சு வரும். இரண்டாவது, சுவான்சோ நகரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு தமிழ்க் கல்வெட்டும், ஒரு நரசிம்மர் தூணும், புல்லரிப்பும் இருக்கும். அந்நகரில் இன்று வாழும் மனிதர்களில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

முதல் வகை தானே சலித்துப் போகும். எங்கள் சண்டை இரண்டாவதுடன்தான். ஏனெனில் இலக்கியம் அறிந்தவர்கள் எழுதுவது அது.

கல்வெட்டின் அருமையை நாங்கள் மறுக்கவில்லை. 1281இல் ஒரு தமிழ் வணிகர் ஃபூஜியான் கடற்கரையில் சிவன் கோயில் எடுத்து, மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டித் தமிழில் எழுதி, அடியில் ஒரு வரி சீனமும் பொறித்து வைத்தார். அந்தக் கல் 1956இல் கண்டெடுக்கப்பட்டது. கோயில் அழிந்தபின் அதன் துண்டுகள் ஊரெங்கும் சிதறி, கையுவான் பௌத்த ஆலயத்தின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய தூண்களாகவும் நிற்கின்றன. இவ்வளவும் மெய். ஆனால் இதிலிருந்து ‘உலகை ஆண்டோம்’ என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறார்கள்? அந்நிய மன்னனின் அனுமதியோடு அவன் நலத்துக்காக வேண்டிக்கொண்ட வியாபாரியின் பணிவுதான் அந்தக் கல்லில் இருக்கிறது. அதே துறைமுகத்தில் அரபியரும் பாரசீகரும் இருந்தார்கள். 1009இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல் இன்றும் நகர நடுவில் நிற்கிறது. 2021இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் இந்தக் கலப்புக்காகத்தான்.

சரி, தூணைப் பார்த்தாயிற்று. திரும்பி மேற்குத் தெருவுக்குள் நடந்தால் என்ன?

நாங்கள் அங்கிருந்த நாட்களில் காலை உணவுக்கு அத்தெருவின் சிறு கடைகளுக்கே போனோம். மியான்சியான்ஹூ என்ற கஞ்சி: நூலிழை போன்ற சேமியாவைக் குழையக் குழைய வேகவைத்து, சிப்பியோ பன்றிக்குடலோ சேர்த்து, பொரித்த மாவுத்துண்டைப் பிய்த்துப் போட்டுத் தருகிறார்கள். காசை யாரும் தொடுவதில்லை. சுவரில் ஒட்டிய கட்டக் குறியைக் கைப்பேசியால் படம்பிடித்தால் கணக்குத் தீர்ந்தது. (வெளிநாட்டார் அந்தச் செயலியோடு படும் பாடு தனிக் காண்டம்.) மின்ஸ்கூட்டர்கள் ஓசையின்றி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. வீட்டிலும் கடையிலும் பெரியவர்கள் பேசுவது மின்னான் மொழி. பள்ளிச் சிறுவர்கள் பேசுவது அரசின் பொதுச்சீனம். பாட்டி மின்னானில் கேட்க, பேரன் பொதுச்சீனத்தில் பதில் சொல்வதைப் பலமுறை கேட்டோம். மொழியைப் பற்றி இவ்வளவு பேசும் நம் எழுத்தாளர்களின் காதில் இது விழாமல் போவது வியப்புக்குரியது. விழுந்திருந்தால், அரசின் மொழிக்கும் வீட்டின் மொழிக்கும் நடுவே ஒரு தலைமுறை எப்படி வளர்கிறது என்று நமக்கு நன்கு தெரிந்த ஒரு கேள்வி அங்கே எழுந்திருக்கும்.

பள்ளிவாசலுக்கு அருகிலேயே குவான்-யுவே கோயில். பிறைவடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் வீசி, ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி சம்மதித்ததாகக் கொள்கிறார்கள். கொங்கு நாட்டில் பூவாக்குக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புறநகரின் சேத்தியன் கிராமத்தில் பழைய இந்துக் கோயிலைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பெண்தெய்வச் சிலையை ஊரார் குவான்யினாக வழிபட்டு வருகிறார்கள். நம் கட்டுரையாளர்கள் இங்கே வந்ததும் ‘பாவம், இவர்களுக்கு யாரென்றே தெரியவில்லை’ என்று எழுதுகிறார்கள். தெரியாதது யாருக்கு? பல தலைமுறைகளாக ஊதுபத்தி கொளுத்தி வருபவர்களுக்கா, அரைமணி நேரம் படமெடுத்துவிட்டு வாடகை வண்டியில் ஏறியவர்களுக்கா?

நான்கு நாளில், மொழி தெரியாமல், வேறென்ன பார்க்க முடியும் என்று கேட்கிறார்கள். மொழி ஒரு தடைதான். பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் பழைய சீனக் கவித்தொகையை மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரைப் போன்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆயினும் கேட்பதற்கு முன்னால் பார்ப்பதற்கு மொழி வேண்டாம். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில்கூடத் தேநீர்த் தட்டு இருக்கிறது; உட்காரச் சொல்லிக் கட்டைவிரலளவு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மாலையில் முதியவர்கள் கூடி நான்யின் பாடுகிறார்கள், பீப்பாவை மடியில் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு. நின்று கேட்பவரை யாரும் விரட்டுவதில்லை.

சீனத்தோடு தமிழருக்கு உள்ள உறவு 1281இல் முடிந்துபோனதும் அல்ல. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நம் மக்களுக்கு அண்டைவீட்டாராக வாழ்ந்த ஹொக்கியன் குடும்பங்களில் பல, சுவான்சோவைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து வறுமையால் கப்பலேறியவை. அவர்கள் ஊருக்கு அனுப்பிய, பணமும் கடிதமும் சேர்ந்த உறைகள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தோட்டத்திலிருந்து மணியார்டர் அனுப்பிய பாட்டன்களைக் கொண்ட நம்மவர் எவராவது அந்த உறைகளைத் தேடிப் போனதாக நாங்கள் படித்ததில்லை.

இன்று அந்தக் கடிதங்களை எழுதுபவர்கள் வேறு. சுவான்சோவின் ஆட்சிக்குட்பட்ட ஜின்ஜியாங் காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர்; அங்கே குய்சோவிலிருந்தும் சிச்சுவானிலிருந்தும் ஜியாங்சியிலிருந்தும் வந்தவர்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள். 1958இல் சட்டமான ஹூகோ குடிப்பதிவு, பள்ளியிடத்தையும் மருத்துவ உதவியையும் பிறந்த ஊரோடு முடிச்சுப் போட்டது. முடிச்சு தளர்ந்திருக்கிறது, அவிழவில்லை. பிள்ளை கிராமத்தில் பாட்டியிடம்; தாய் இங்கே, இரவில் கைப்பேசித் திரையில். ‘தெருவெல்லாம் எவ்வளவு சுத்தம்!’ என்று எழுதுபவர், விடிவதற்கு முன் அந்தத் தெருவைப் பெருக்கியவர் எந்த ஊர், அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஒரு வரி விசாரித்திருக்கலாம். தூணில் நரசிம்மரைக் கண்டுபிடித்த கண்கள்தானே அவை?