குளிர்ந்த புகையும் குறையாத அசலும்

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் ஒன்றை விடச் சொன்னால் விட மாட்டோம். அதன் தம்பியைத் தேடிப் பிடிப்போம். சர்க்கரை வேண்டாம் என்றால் நாட்டுச் சர்க்கரை. அரிசியைக் குறைக்கச் சொன்னால் கோதுமை தோசை, அதுவும் ஏழு. எண்ணெய் கூடாது என்றால் செக்கு எண்ணெய், அளவு பழையபடிதான். இந்த வரிசையில் லேட்டஸ்ட்டாக என் காதுக்கு வந்தது: சிகரெட்டை விடச் சொன்னால் பைப்.

சொன்னவன் என் மச்சினன். பெங்களூரில் வேலை, நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, இருபது வருடமாக சிகரெட். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறான். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இன்றோடு நிறுத்துங்கள்" என்றிருக்கிறார். அடுத்த வாரம் எனக்கு போன். "மாமா, உங்க லண்டன் நண்பர் வர்றாராமே, ஒரு ஃபால்கன் பைப் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. தண்டு அலுமினியம், புகை குளிர்ந்துடும், தாரெல்லாம் அடியிலேயே தங்கிடும். கிண்ணத்தை மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். சிகரெட் மாதிரி கெடுதல் கிடையாது."

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அவன் வயதில், அவன் நிலைமையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த உலோகத் தண்டு பைப்பைப் பற்றி எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. சொல்லப்போனால் மரியாதை உண்டு. நான் புகைப்பதில்லை. ஆனால் புனேயில் எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் ஒரு ரிட்டயர்ட் கர்னல் தயவில் அந்தக் கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்திருக்கிறேன். வங்கிக்குள் பற்ற வைக்க மாட்டார். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை என்பது அவருக்கு அத்துப்படி. சும்மா வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்வர் படுத்துவிட்ட ஒரு நாள் மேஜை மேல் அதைக் கழற்றிக் காட்டினார்.

ஒரு தண்டு, மூன்று கிண்ணம். தண்டு அலுமினியம். அதன் முன்முனையில் மேலே பார்த்தபடி ஒரு சின்னக் குழி, உள்ளே மரை வெட்டியிருக்கும். புகையிலை போடும் மரக் கிண்ணத்தை அந்த மரையில் திருகிப் பொருத்த வேண்டும். கிண்ணத்தின் அடி ஓட்டை வழியாக இறங்கும் புகை முதலில் அந்தக் குழிக்கு வந்து, பிறகுதான் தண்டுக்குள் போகிறது. புகையில் இருக்கும் ஈரம் குழியில் தங்கிவிடுகிறது.

இதன் இயற்பியல் பி.காம். படித்த எனக்கே புரிகிற அளவு சுலபம். புகையிலை எரியும்போது நீராவி வரும். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் சொட்டுகிறதே, அதே சங்கதி. மரத்தைவிட அலுமினியம் ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் புகையின் சூட்டைத் தண்டு வாங்கி வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தண்ணீராகிறது. வாய்க்கு வரும் புகை உலர்ந்தும் சூடு தணிந்தும் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்வது இதுவரை உண்மைதான்.

பிறந்த கதையும் சுவாரசியமானது. அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடெரிக் கிர்ஸ்டன். விமானப் பொறியியல்காரர்; அங்கே இருக்கும் காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடத்துக்கே அவர் பெயர்தான். 1930களில் அவர் உருவாக்கிய பைப்பில் தண்டு முழுக்கவே உலோகக் குழாய், உள்ளே வெளியே உருவி எடுக்கிற மாதிரி ஒரு கம்பி, மேலே திருகி மாற்றும் கிண்ணம். சிகரெட்டைப் பற்றி டாக்டர் சொன்ன பேச்சுத்தான் அவரைப் பைப் பக்கம் திருப்பியது என்று அதன் கதையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். மச்சினன் கவனிக்க! அதே 1930களில் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேனில் கென்லி பக் என்ற பொறியாளர் வடிவமைத்தது ஃபால்கன். அமெரிக்காவில் விற்று, பிறகு 1960களில் இங்கிலாந்திலேயே தயாராகி, அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பொருளானது.

ஏற்கெனவே பைப் பிடிப்பவர், நிறுத்தப் போவதில்லை என்கிறவர் இருந்தால், அவருக்குக் கர்னல் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல கருவியைக் கெடுத்து வைப்பானேன்.

வாங்கும்போது முதலில் மரையைப் பார்க்க வேண்டும். கிண்ணம் சுலபமாகத் திரும்பி, கடைசியில் அழுத்தமாக உட்கார வேண்டும். ஆடினால் காற்று கசியும், இழுவை கெடும். பழைய பைப்பாக இருந்தால் மரை தேய்ந்திருக்கிறதா, குழியில் கறுப்புக் கசடு இறுகிப் போயிருக்கிறதா என்று பார்க்கணும். அடுத்தது வாய்முனை. தண்டோடு நிரந்தரமாகச் சேர்ந்த வகையும் உண்டு, கழற்றி மாற்றும் வகையும் உண்டு. பல்லால் கடிக்கிற ஆளுக்கு இரண்டாவதுதான் சரி. இல்லாவிட்டால் வாய்முனை போனால் தண்டே போச்சு.

கிண்ணம் பிரையர் மரம். மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முடிச்சு அது, லேசில் எரியாது. ஒரு தண்டுக்கு இரண்டு மூன்று கிண்ணம் வைத்துக்கொள்வதுதான் இந்த வகையின் முழு லாபம். புகைத்து முடித்த கிண்ணம் ஈரம் காய ஒரு நாளாவது ஓய்வெடுக்க வேண்டும். முழு மரப் பைப் என்றால் இதற்காகவே நாலைந்து வாங்கணும். இங்கே ஒரு தண்டு போதும், கிண்ணத்தை மட்டும் மாற்றினால் ஆயிற்று. வாசனை சேர்த்த புகையிலைக்கு ஒரு கிண்ணத்தைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். அந்த வாசனை மரத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது, மீன் குழம்பு வைத்த சட்டி மாதிரி.

நிரப்புவது மூன்று தடவையாக: அடியில் தளர்வாக, நடுவில் கொஞ்சம் அழுத்தி, மேலே இன்னும் கொஞ்சம் அழுத்தி. முதல் தீக்குச்சிக்கு மேல்பரப்பு பொங்கி எழும். லேசாக அழுத்திவிட்டு மறுபடி பற்ற வைக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் எந்த உலோகமும் காப்பாற்றாது, நாக்கு பொசுங்கும். சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் திருகிக் கழற்றக் கூடாது. ஆறியபின் கழற்றி, குழியில் தேங்கிய கறுப்பு நீரைத் துடைத்து, தண்டுக்குள் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டு எடுக்க வேண்டும். மரையைத் துடைக்காமல் விட்டால் கசடு பிசின் மாதிரி ஒட்டி, அடுத்த தடவை திருகவே முடியாது. கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரிப் படலத்தை ஒரு காசு கனத்துக்கு விட்டு, மிச்சத்தைச் சுரண்டிவிட வேண்டும். படலம் தடித்தால் மரம் விரியும்.

கருவி பற்றி இவ்வளவுதான். இனி என் கட்சி.

குழியில் தங்கிய கறுப்பு நீரைப் பார்த்ததும் மனசு போடும் கணக்கு ஒன்று உண்டு: "இதெல்லாம் எனக்குள்ளே போயிருக்க வேண்டியது, தப்பித்தேன்." இது வரவை மட்டும் பார்த்துவிட்டுச் செலவை மறைக்கும் கணக்கு. தங்கியது பெரும்பாலும் தண்ணீர், அதோடு கொஞ்சம் தார். மிச்சத் தார் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் புகையோடு மிதந்து வருகிறது. சுவரில் மோதுவது ஒரு பங்கு, தப்பி வாய்க்கு வருவது மறு பங்கு. கார்பன் மோனாக்சைடு கதை இன்னும் மோசம். அது திரவமாக வேண்டுமானால் சுழியத்துக்குக் கீழே 191 டிகிரி வரை குளிர வேண்டும். கையில் பிடிக்கும் அலுமினியக் குழாயில் அது நடக்கிற காரியமா?

குளிர்ச்சி என்பது வாய்க்குச் சௌகரியம். உடம்புக்குப் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. சூடான புகை நாக்கைக் கடித்து "போதும்" என்று சொல்லும். அந்த ஒரு எச்சரிக்கையையும் இந்தப் பொறியியல் எடுத்துவிடுகிறது.

அதைவிட முக்கியமான விஷயம், யார் பிடிக்கிறார்கள் என்பது. பைப் புகையிலும் சுருட்டுப் புகையிலும் உள்ள நிகோடினை வாயின் உட்தோலே நிறைய உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பழைய பைப்காரர்கள் பெரும்பாலும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. சிகரெட் பழகியவனுக்கு அப்படி நிறுத்தத் தெரியாது. இருபது வருடப் பழக்கத்தில் நுரையீரல் தானாக இழுத்துக்கொள்ளும். சிகரெட்டிலிருந்து பைப்புக்கு மாறியவர்களைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான். நேராகப் பைப்பில் ஆரம்பித்தவர்களைவிட இவர்கள் உள்ளே இழுப்பது அதிகம். கர்னலே சொன்னார்: "சிகரெட்காரன் கையில் பைப்பைக் கொடுக்காதே. பெரிய சிகரெட்டாகத்தான் அதைப் பிடிப்பான்."

சரி, உள்ளே இழுக்காதவருக்காவது தப்பா? 1964இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் வெளியிட்ட பிரபலமான அறிக்கை சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்தது எல்லோருக்கும் தெரியும். பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அதே அறிக்கை சொன்னது பலருக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அறிக்கை வந்த கையோடு அங்கே பலர் சிகரெட்டை வைத்துவிட்டுப் பைப்பையும் சுருட்டையும் எடுத்தார்கள். மச்சினன் கண்டுபிடித்தது புதுசு இல்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று பட்டியல் பின்னால் நீண்டுகொண்டே போனது.

போன நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கக் கர்னல் வந்தார். வாயில் பைப் இல்லை. கீழுதட்டில், தண்டு வழக்கமாகத் தங்கும் இடத்தில், சின்னதாக ஒரு தையல் தழும்பு. வெள்ளைத் திட்டு இருந்ததாம், வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்லபடியாக வந்துவிட்டது. "மூன்று வாரம் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன் மேனேஜர் சாப், எல்லையில்கூட அப்படிக் காத்திருந்ததில்லை" என்றார். ஐம்பது வருடம் நெஞ்சுக்குள் இழுக்காத மனிதர். துடைத்துத் துடைத்துப் புதுசு போல வைத்திருந்த பைப்.

இதில் இன்னொரு மயக்கம் இருக்கிறது, கௌரவ மயக்கம். பைப் என்றால் சிந்தனையாளர், அதிகாரி, ஷெர்லாக் ஹோம்ஸ். சுருட்டு என்றால் திண்ணைத் தாத்தா. இங்கிலீஷில் சுருட்டுக்கு வழங்கும் 'செரூட்' என்ற வார்த்தையே நம்ம சுருட்டிலிருந்து போனதுதான். 1887இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் திருச்சிச் சுருட்டைத்தான். தாத்தாவின் சுருட்டுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்ட அதே குடும்பம், பேரன் பைப்பை எடுத்தால் "ஸ்டைலா இருக்கே" என்று போட்டோ எடுக்கிறது. புகையிலைக்கு அந்தஸ்து தெரியாது.

செலவுக் கணக்கும் போட்டுவிடுவோம், தொழில் விடாது பாருங்கள் :-) 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பைப் புகையிலைக் கலவைக்கு 28 சதவீத வரி, அதன் மேல் 290 சதவீத இழப்பீட்டு செஸ். நூறு ரூபாய்ச் சரக்கு 418 ரூபாய். பிறகு கணக்கு முறை மாறியது என்றாலும், மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லாத பொருள் இது.

எங்கள் கவுண்டரில் தினமும் பார்ப்பதுதான். இந்த வங்கியில் வட்டி அதிகம் என்று கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றுவார்கள். மாற்றிய அன்று கடன் அடைந்த மாதிரி ஒரு நிம்மதி. பாஸ் புத்தகம் புதுசு, அட்டை பளபளப்பு. அசல் அப்படியே நிற்கும். அதிலும் பலர் வட்டி குறைந்த தைரியத்தில் கூடுதலாக டாப்-அப் வாங்குவார்கள். சிகரெட்டிலிருந்து உலோகத் தண்டு பைப்புக்கு மாறுவது இந்த ரகம். கடன் தீர ஒரே வழி, அசலைக் கட்டுவது. கஷ்டம்தான். முதல் சில மாதத் தவணை கழுத்தை நெரிக்கும், பிறகு பழகிவிடும்.

எனவே வெளியூரில் இருக்கும் நம்மவர்களிடம் என் வேண்டுகோள். லண்டனிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறவரிடம் வீட்டு ஆண்களுக்காகப் பைப் வாங்கி வரச் சொல்லாதீர்கள். சிகரெட்டை விடத் தவிக்கிறவர் வீட்டில் இருந்தால் அவருக்குக் கருவி தேவையில்லை, கூட நிற்க ஆள்தான் தேவை. 1800112356 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனை உண்டு. நிகோடின் சூயிங் கம் போன்றவற்றை டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் தட்டிக் கேட்கப் பெரியப்பாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இல்லை. அந்த வேலையை மனைவியும் பிள்ளைகளும் செய்ய வேண்டியிருக்கிறது. மாற்றுச் சாமானோடு வந்து நிற்கிறவரிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "அசல் எவ்வளவு குறைஞ்சிருக்கு?"